பக்தாத் வீதிகளில் மறைந்து நடந்த நான்கு இரவுகள்



ஒளிந்து விளையாடாமல் வளர்ந்த பிள்ளை எவரும் இல்லை. நெற்குதிருக்குப் பின்னாலும், தாயின் முந்தானைக்குள்ளும், பள்ளிவாசல் தூணின் மறைவிலும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர்களே நாம் அனைவரும். தேடி வருகிறவனின் காலடி நெருங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தத் துடிப்புக்காகவே மறுநாளும் அதே விளையாட்டுக்கு ஓடினோம். இன்று அந்தத் துடிப்பு கணினித் திரைக்குள் குடியேறிவிட்டது. தேடுகிறவன் திரைக்குள் இருக்கிறான். ஒளிகிற பிள்ளையோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவன் எங்கே இருக்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரியும். என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதுதான் தெரிவதில்லை.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிப்பதும், கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்பதால் இஸ்லாமிய வரலாறு நடத்துவதும் என் பணி. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர்கள் இந்நாளில் என்னிடம் அதிகமாகக் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றி அன்று. “ஹஜ்ரத், பையன் எப்போது பார்த்தாலும் கேம் விளையாடுகிறான். இது கூடுமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்பதே அவர்களுடைய கேள்வி. மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி முஃப்திகளுக்கு உரியது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: பிள்ளை எதில் மூழ்கியிருக்கிறான் என்பதை அவன் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது. 2024 டிசம்பர் இறுதியில், அரையாண்டு விடுமுறையில், கொல்லிமலையில் அதற்கான சந்தர்ப்பம் எனக்கு அமைந்தது. அந்த அனுபவத்தையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மலைமேல் ஒரு வழக்கு

என் தங்கையின் கணவர் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்பவர். அவ்வியாபாரத்துக்காகச் செம்மேட்டில் வாடகைக்கு ஒரு வீடு வைத்திருக்கிறார். நாமக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியே அங்கே வர வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுவது குழந்தைகளுக்கு ஒரு கொண்டாட்டம்.

நான் போய்ச் சேர்ந்த அன்று அவ்வீட்டில் கொண்டாட்டம் ஏதுமில்லை. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மருமகன் இரண்டு பாடங்களில் தேறவில்லை. தகப்பனாரும் மகனும் மூன்று வாரங்களாகப் பேசிக்கொள்ளவில்லை. மகனின் மடிக்கணினியை விற்றுவிடுவதென்று மச்சான் முடிவு கட்டியிருந்தார். திருச்சியில் வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டார். தங்கை என்னைச் சமையற்கட்டுக்கு அழைத்து, “அண்ணே, அவர் சொன்னால் இவன் கேட்கமாட்டான். இவன் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் கேட்பார்கள்” என்றாள். கணினியை விற்றுவிடச் சொல்வேன் என்பது அவளுடைய எதிர்பார்ப்பு.

மார்க்கக் கல்வியில் காளியின் ஒழுக்கம், அதாவது நீதிபதியின் ஒழுக்கம், பற்றி ஒரு பாடம் உண்டு. இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது அதன் முதல் விதி. இந்த வழக்கில் தகப்பனார் ஒரு தரப்பு, மகன் ஒரு தரப்பு. அந்த விளையாட்டு மூன்றாம் தரப்பு. ஆகவே நான்கு இரவுகள் தவணை கேட்டேன். இஷாத் தொழுகையை வீட்டிலேயே ஜமாஅத்தாக நிறைவேற்றிய பின் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. அறையிலன்று, அனைவரும் புழங்கும் கூடத்தில். இந்த நிபந்தனைகளுக்கு மருமகன் ஒப்புக்கொண்டான். “மாமா, நீங்களே விளையாடுங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் புரியாது” என்று அவனும் ஒரு நிபந்தனை விதித்தான். நாற்பதைத் தாண்டிய வயதில் நான் முதன்முதலாக ஒரு வீடியோ விளையாட்டைக் கையில் எடுத்தது இவ்வாறுதான்.

சண்டை போடாமல் வெல்லும் விளையாட்டு

கணினி விளையாட்டு என்றதும் ஓயாமல் சுடுவதும் வெட்டுவதுமே நம் மனக்கண்ணில் தோன்றும். அவற்றுள் வேறொரு வகையும் உண்டு என்பதை அந்த இரவுகளில் அறிந்தேன். எதிரியின் கண்ணில் படாமல் போவதே இவ்வகையில் வெற்றி. வாளை உருவ நேர்வது பெரும்பாலும் திட்டம் தவறியதன் அடையாளம். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த காசில் வுல்ஃபன்ஸ்டைன் என்ற அமெரிக்க விளையாட்டிலேயே இதற்கான விதை விழுந்துவிட்டது. ஜப்பானியரான ஹிடியோ கோஜிமா 1987-இல் உருவாக்கிய மெட்டல் கியர் அதனை ஒரு தனி வகையாக நிலைநாட்டியது. அதன் தொடர்ச்சியாக 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட், திரைப்படத்துக்கு நிகரான நீண்ட கதையையும் மறைந்து நடக்கும் ஆட்டத்தையும் இணைத்தது. அதே ஆண்டில் வந்த தீஃப் என்னும் விளையாட்டு, நிழலையும் காலடி ஓசையையுமே ஆயுதங்களாக்கியது.

மருமகன் எனக்குக் காட்டியது அசாசின்ஸ் கிரீட் என்ற தொடரைச் சேர்ந்தது. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்பு. 2007-இல் வெளிவந்த முதல் விளையாட்டின் கதை மூன்றாம் சிலுவைப்போர்க் காலத்து டமாஸ்கஸ், ஜெரூசலம், ஏக்கர் நகரங்களில் நடப்பது. நாங்கள் விளையாடியது அத்தொடரில் மிராஜ் என்ற பெயருடன் 2023 அக்டோபரில் வெளிவந்தது. மிராஜ் என்றால் கானல்நீர். கதை நிகழும் இடம் பக்தாத், காலம் கி.பி. 861.

பக்தாத் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து அமர்ந்தேன். ஆண்டுதோறும் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் நான்கு பக்கங்களிலும் கோடு போட்டு, “இது கூஃபா வாயில், இது பஸ்ரா வாயில், இது குராசான் வாயில், இது ஷாம் வாயில்” என்று மாணவர்களுக்கு நடத்தும் நகரமல்லவா அது! கலீஃபா அல்மன்ஸூர் கி.பி. 762-இல் அடிக்கல் நாட்டிய அந்த வட்டநகரின் ஒரு செங்கல்லைக்கூட இன்று தரைக்கு மேலே காண முடியாது. சுண்ணாம்புக்கட்டியால் மட்டுமே நான் அறிந்திருந்த ஊருக்குள் நடந்து போகலாம் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் ஆவல் பிறக்காது?

முதல் இரவு: பிடிபடுதல்

கதையின் நாயகன் பாஸிம் இப்னு இஸ்ஹாக் என்ற இளைஞன். வயிற்றுப்பாட்டுக்காகத் திருடுபவன்; இரவில் கொடுங்கனவுகளால் அலைக்கழிக்கப்படுபவன். மறைந்து வாழும் ஒரு குழுவினர் அவனைச் சேர்த்துப் பயிற்றுவிக்கிறார்கள். அநியாயக்காரர்களின் இரகசியக் கூட்டம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அவனுக்கு இடப்படும் வேலை. இதுவே கதையின் எலும்புக்கூடு.

கைக்கருவியில் இரண்டு குமிழ்கள். ஒன்று பாஸிமை நடத்துகிறது. மற்றொன்று அவன் பார்வையைத் திருப்புகிறது. இரண்டையும் ஒருசேர இயக்க என் கட்டைவிரல்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி தேவைப்பட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காவலன் ஒருவனின் பார்வைக்குள் நுழைந்தால் திரையில் ஒரு சிறு வளைவு தோன்றி, மெல்ல நிறையும். அது நிறைவதற்குள் மறைந்துவிட வேண்டும். எனக்கோ அது ஒவ்வொரு முறையும் நிறைந்தது. முதல் இரவில் பதினொரு முறை பிடிபட்டதாக மருமகன் கணக்கு வைத்திருந்தான்.

“மாமா, ஓடாதீர்கள். ஓடுகிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடங்கள், அல்லது அந்த விசிப்பலகையில் போய் உட்காருங்கள்” என்றான்.

உட்கார்ந்தேன். வாளேந்திய காவலர் இருவர் என்னைக் கடந்து போனார்கள். பலகையில் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவரைப் போலவே நானும் அவர்களுக்கு ஒரு நகரவாசியாகிவிட்டேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. குதிருக்குப் பின்னால் நின்ற அந்தப் பழைய துடிப்பேதான் அது.

அடுத்த நாள் காலையில் செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரியின் சிலையைக் கடந்து நடக்கும்போது இதனை நினைத்துக்கொண்டேன். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு புகழும் குறுநிலத் தலைவன் அவன். அந்தப் பாடலில் நம்மில் பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. காட்டில் எதிர்ப்பட்ட அவனை வன்பரணரும் பாணர்களும் யாரோ ஒரு வேட்டுவன் என்றே எண்ணினார்கள். அவனும் தன்னைத் தலைவன் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் ஓரியின் புகழைப் பாடியபோது நாணினான். வேட்டைக்கும் ஒளிதல் வேண்டும். பெருந்தன்மைக்கும் ஓர் ஒளிதல் உண்டு என்பதற்கு இந்த மலையே சான்றாக நிற்கிறது.

இரண்டாம் இரவு: மொழி

இரண்டாம் இரவில் மருமகன் அமைப்புக்குள் சென்று ஆங்கிலப் பேச்சை நிறுத்தி அரபுப் பேச்சுக்கு மாற்றினான். வாசகர்களே! அங்கே பேசப்பட்டது கிதாபுகளில் நாம் ஓதும் இலக்கண அரபு. அங்காடியில் நடப்பவனும் காவலனும் சிறுவனும் அம்மொழியில் உரையாடுவதைக் கேட்டபோது என் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்நொடியிலிருந்து ஆட்டத்தின் முறை மாறிற்று. கருவி மருமகன் கைக்குப் போயிற்று. நான் அருகிலிருந்து பொருள் சொன்னேன். அந்நகரத்தில் பாஸிம் அதிகமாகத் தவறு செய்தால் அவன் முகம் வரைந்த சுவரொட்டிகள் ஒட்டப்படும். அவற்றைக் கிழிக்க வேண்டும். அல்லது தெருவில் செய்தி கூவி அறிவிப்பவனுக்குக் காசு கொடுத்து மனத்தை மாற்ற வேண்டும். அந்த அறிவிப்பாளனுக்கு முனாதீ என்று பெயர். “இந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறாய்?” என்று வினவினேன். விழித்தான். “நிதா என்றால் அழைப்பு, அதிலிருந்து பிறந்தது முனாதீ. பாங்கு சொல்வதற்கும் அதே வேர்ச்சொல்லைத்தான் கையாளுகிறோம்” என்றேன். பாஸிம் என்றால் புன்னகைப்பவன் என்றதும், “இவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லையே மாமா” என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஏழு வயதில் திருமறையைப் பார்த்து ஓதி முடித்தவன் அவன். எழுத்து தெரியும்; உச்சரிப்புத் தெரியும்; பொருள் தெரியாது. நம் சமுதாயத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலை இதுவே. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் ஓர் அரபுச் சொல்லின் பொருளைத் தானே முன்வந்து கேட்டான். கேட்க வைத்தது ஒரு விளையாட்டு. ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மூன்றாம் இரவு: மெய்யும் பொய்யும்

மூன்றாம் இரவை நான் பாடவேளையாகவே ஆக்கிக்கொண்டேன். அந்த விளையாட்டில் நகரின் முக்கிய இடங்களை அடையும்போது வரலாற்றுக் குறிப்புகள் திறக்கின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட குறிப்புகள். பாரிஸ் அரபுலகக் கழகம், கோபன்ஹேகன் டேவிட் தொகுப்பு முதலிய இடங்களிலுள்ள அரும்பொருள்களின் படங்களும் உண்டு. வரலாற்று ஆய்வாளர்களைக் கலந்து ஆயத்தம் செய்திருக்கிறார்கள். வட்டநகரின் நடுவே மன்ஸூரின் அரண்மனையும் அதன் பச்சை மாடமும் நிற்கின்றன. அம்மாடம் கி.பி. 941-இல்தான் இடிந்து விழுந்தது. ஆகவே 861-இல் அது நிற்பது சரியே. நுண்பொறிகளைப் பற்றி நூலெழுதிய பனூ மூஸா சகோதரர்கள் வருகிறார்கள். பஸ்ரா தந்த பேரெழுத்தாளர் அல்ஜாஹிழ் வருகிறார். ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் தொலைந்த நூல்களைத் தேடி எடுத்து அவரிடம் சேர்ப்பது பாஸிமின் பணிகளில் ஒன்று. பூனைகள் எங்கும் திரிகின்றன. அவற்றைத் தடவிக் கொடுக்கவும் செய்யலாம்.

ஆனால், அழகாகச் சொல்லப்படும் பொய் அவலட்சணமான பொய்யைவிட ஆபத்தானது. “மாமா, அலமூத் கோட்டையிலிருந்துதானே இவர்கள் கிளம்பினார்கள்? கலீஃபாவை அன்பாரில் இருந்த குளிர்கால அரண்மனையில்தானே கொன்றார்கள்?” என்று மருமகன் கேட்டான். ஐயத்தோடு கேட்கவில்லை, தெரிந்ததை உறுதி செய்துகொள்ளும் தொனியில் கேட்டான். கணினியை மூடிவைக்கச் சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்தேன்.

ஹசன் இப்னு ஸப்பாஹ் அலமூத் கோட்டையைக் கைப்பற்றியது கி.பி. 1090-இல். விளையாட்டின் காலத்துக்கு 229 ஆண்டுகள் பிந்தியது அது. 861-இல் அப்படி ஒரு குழு அங்கே இருந்ததில்லை. ஹசனின் குழுவினரைப் பற்றிக்கூட, போதையூட்டிச் சொர்க்கம் காட்டினார் என்பன போன்ற கதைகள் எதிரிகளும் பயணிகளும் பரப்பியவை என்று ஆய்வாளர் மறுத்திருக்கிறார்கள். விளாதிமிர் பார்த்தோல் என்ற ஸ்லோவேனிய எழுத்தாளர் 1938-இல் வெளியிட்ட அலமூத் என்ற நாவல், இந்த விளையாட்டுத் தொடருக்குத் தூண்டுதலாக இருந்தது. ஆக, கதையிலிருந்து பிறந்த கதை இது.

கலீஃபா முதவக்கில் 861 டிசம்பரில் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் இடம் அன்பார் அன்று. அப்போதைய தலைநகரமான ஸாமர்ராவின் அரண்மனை. கொன்றவர்கள் அவருடைய சொந்தத் துருக்கியக் காவலர்கள். வெளியிலிருந்து சுவரேறி வந்தவர் எவருமில்லை. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு கலீஃபாக்கள் மாறினார்கள். இந்த உண்மைக்கு எந்தக் கற்பனையும் ஈடாகாது அல்லவா? காவலுக்கு நிறுத்தப்பட்டவனே கத்தியை எடுத்தான் என்பதில் ஆளுகிறவர்களுக்கு இருக்கும் படிப்பினை, இரகசியக் கூட்டத்தின் சதி என்று சொல்லும்போது காணாமற்போய்விடுகிறது.

பைத்துல் ஹிக்மாவின் பேரறிஞர் ஒருவரே கொடியவர் கூட்டத்தில் ஒருவராகக் காட்டப்படுவது என்னை வருத்தியது. அப்படியொருவர் வரலாற்றில் இல்லை. அதே வேளையில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில் அப்பாஸியரின் பொற்காலம் பேசப்படும். தென்னிராக்கின் உவர்நிலங்களில் மண் சுமந்த கறுப்பின அடிமைகள் பேசப்படுவதில்லை. கி.பி. 869-இல் பஸ்ரா பகுதியில் வெடித்து 883 வரை நீடித்த ஸன்ஜ் கிளர்ச்சியின் தலைவர் அலீ இப்னு முஹம்மத் இந்தக் கதையில் வருகிறார். வரலாற்றின் வெளிச்சத்தை மட்டும் போதித்து நிழலை மறைத்தால், பிள்ளைகள் அந்த நிழலை வேறெங்கோ கற்றுக்கொள்வார்கள்; அங்கே மெய்யோடு பொய்யும் கலந்திருக்கும்.

தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒருபுறம் மெய், மறுபுறம் கற்பனை என்று மருமகனே எழுதினான். நள்ளிரவுக்கு முன் இரண்டு பக்கங்கள் நிறைந்தன. தேர்வுக்குக்கூட அவன் அப்படி எழுதியிருக்கமாட்டான் என்று தங்கை முணுமுணுத்தாள்.

நான்காம் இரவு: மிளகு

நான்காம் இரவில் மலையில் பனிமூட்டம் சன்னல்வரை வந்து நின்றது. மச்சான் கணக்குப் புத்தகத்தோடு கூடத்தின் மறுகோடியில் அமர்ந்திருந்தார். திரையைப் பார்ப்பதில்லை என்ற வைராக்கியம் முதுகிலேயே தெரிந்தது. பாஸிம் அங்காடிக்குள் நடந்துகொண்டிருந்தான். துணிக்கடை, மட்பாண்டக்கடை, குவியல் குவியலாக வாசனைச் சரக்குகள். சிறிது நேரத்துக்குப் பின் பின்னாலிருந்து ஒரு குரல்: “அங்கே மிளகு விற்கிறானா?”

மருமகன் திரும்பவில்லை. ஆனால் பாஸிமை நிறுத்திவிட்டான். அந்தக் குவியல்களுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி, பார்வையை மெல்லத் திருப்பினான். மச்சான் எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“மச்சான், அந்தக் காலத்தில் பக்தாதுக்கு மிளகு எங்கிருந்து போயிருக்கும்?” என்று என்னைக் கேட்டார்.

நம் பக்கத்திலிருந்துதான் என்றேன். கி.பி. 851-இல், அதாவது இந்தக் கதைக்குப் பத்தாண்டுகளுக்கு முன், அரபு வணிகர்களின் சீன, இந்தியப் பயணச் செய்திகள் தொகுக்கப்பட்டபோதே மலையாளக் கரையின் கொல்லம் துறைமுகம் அதில் இடம்பெற்றுவிட்டது. அந்தக் கொல்லத்தில் கி.பி. 849-இல் ஒரு தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் சில கூஃபி எழுத்தில் அமைந்த அரபுக் கையொப்பங்கள். வியாபாரத்துக்கு வந்தவர்கள் இந்த மண்ணில் சாட்சி சொல்லும் அளவுக்கு நம்பிக்கை பெற்றிருந்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

மச்சான் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு மகனிடம், மூன்று வாரங்களுக்குப் பின் முதன்முறையாக, “துறைமுகம் இருக்கிறதா இதில்? போய்க் காட்டு” என்றார். தஜ்லா நதியோரத்துப் படகுத்துறைக்கு மகன் அழைத்துச் சென்றான். மூட்டையின் கட்டு சரியில்லை என்றும், ஈரத்தில் இப்படி அடுக்கினால் சரக்குப் பூசணம் பிடிக்கும் என்றும் மச்சான் குறை சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரம் முடிந்ததை அன்று எவரும் எனக்கு நினைவூட்டவில்லை. நானே சொல்லி மூட வைத்தேன்.

இதைப் படித்ததும், எல்லாம் சுபமாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தேறாத இரண்டு பாடங்கள் தேறாதபடியே இருந்தன. மறுநாள் காலையில் அவற்றைப் பற்றித் தகப்பனாரும் மகனும் பேசினார்கள்; குரல்கள் உயரவும் செய்தன. ஆனால் பேசினார்கள். கணினி விற்கப்படவில்லை. அது கூடத்தில் இருக்கும். தேர்வு முடியும்வரை வெள்ளிக்கிழமை இரவில் மட்டும் ஒன்றரை மணி நேரம் திறக்கப்படும் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மகன் அதனைத் தன் கையாலேயே எழுதி ஒப்பமிட்டான்.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

இந்த விளையாட்டில் என் மனம் ஒப்பாதவை பல. பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது, சட்டைப்பையில் கைவிடுவது, இருளில் நின்று உயிரைப் பறிப்பது ஆகியன இதில் திறமைகளாகப் போற்றப்படுகின்றன. பிறர் குறையைத் துருவி ஆராய்வதையே தடுத்த மார்க்கம் நம்முடையது. திருமறையின் 49-ஆம் அத்தியாயத்தை விளக்கத்தோடு ஓதிய எவரும் இதனை அறிவர். பாஸிமின் குழுவினருக்கு அப்பாவிகள் மீது கைவைக்கலாகாது என்ற கட்டுப்பாடு இருப்பது உண்மையே. ஆயினும் யார் குற்றவாளி என்பதைத் தானே விசாரித்து, தானே தீர்ப்பெழுதி, தானே நிறைவேற்றுவது நீதியாகாது. இதனை மருமகனிடம் சொன்னபோது, “அதை நானும் யோசித்தேன் மாமா. இவர்களைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. ஸாமர்ராவின் காவலர்களைப் பார்த்து வரலாறு கேட்ட கேள்வியும் அதுதான்.

இந்த விளையாட்டு சிறுவர்களுக்கு உரியதன்று. அமெரிக்க மதிப்பீட்டின்படி 17 வயது நிரம்பியவர்களுக்கே இதனை அனுமதித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளின் கையில் இத்தகையவை இருப்பதைப் பார்க்கிறேன். மேலட்டையில் எழுதியிருக்கும் வயதைப் பார்ப்பதற்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

வளர்ந்த பிள்ளைகள் விளையாடினால் அவர்களோடு ஒரு முறையாவது அமருங்கள். தடுப்பதென்றாலும் பார்த்துவிட்டுத் தடுங்கள். பார்க்காமல் பறிக்கப்படும் பொருளைப் பிள்ளை வேறிடத்தில் தேடிக்கொள்வான். அங்கே மெய் எது, பொய் எது என்று தாளில் கோடு போட்டுக் காட்ட ஒருவரும் இருக்கமாட்டார்கள். நேரத்துக்கு எல்லை வகுங்கள்; தொழுகைக்கும் உறக்கத்துக்கும் உரிய வேளைகளை எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கதவு சாத்திய அறையைவிடக் கூடம் நல்லது.

சங்க நூல்கள் இந்த மலையில் ஒரு பாவை இருந்ததாகக் கூறுகின்றன. கொல்லிப்பாவை என்பது அதன் பெயர். உயிரற்ற உருவமாயினும் அது அசையும் என்றும், கண்டவரைத் தன்பால் இழுக்கும் என்றும் பழங்கதை சொல்கிறது. கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் அசையும் உருவங்கள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் இழுப்பு கதையன்று. அவற்றின் முன்னே தனியாக அமர்ந்திருக்கும் பிள்ளையின் அருகில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் போய் அமர்வதற்குத் தகப்பனுக்கும் தாய்க்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் பார்வையையும் காத்தருள்வானாக.